மாணவர் வாதாடும் மன்றம்: தென்னாப்பிரிக்க வழக்கறிஞர்களின் தொண்டு



நம் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப்போட்டி நடைபெறாத ஆண்டு இல்லை. ஆசிரியர் உரையை எழுதிக் கொடுப்பார். சில வேளைகளில் பெற்றோரே எழுதிக் கொடுப்பர். மாணவர் அதனை மனனம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு ஐந்து நிமிடம் முழங்குவார். நாமும் கைதட்டிப் பாராட்டுவோம். இதனால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். உச்சரிப்பும் மேடைத் துணிவும் இவ்வாறுதான் வளர்கின்றன. ஆயினும், மாணவர் பேசிய ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, "இதனை எப்படி நிறுவுவாய்?" என்று நடுவர் இடைமறித்துக் கேட்பதற்கு அங்கே இடம் இல்லை. பட்டிமன்றத்திலும் அணி பிரித்த அன்றே தரப்பு முடிவாகிவிடுகிறது. எதிரணியின் நியாயம் என்ன என்று உள்ளன்போடு எண்ணிப் பார்க்கும் தேவை எவருக்கும் எழுவதில்லை.

இடைமறித்துக் கேட்பதையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு பயிற்சி உண்டு. அதற்கு மாதிரி நீதிமன்றம் என்று பெயர். ஆங்கிலத்தில் மூட் கோர்ட் என்பர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக வழக்கறிஞர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் தம் நேரத்தை அளித்து இப்பயிற்சியை வளர்த்த வரலாறு பல நாடுகளில் உண்டு. அவற்றுள் தென்னாப்பிரிக்காவின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சட்டத்தின் பெயராலேயே மாணவர்களை ஒடுக்கிய நாடு அது. அதே நாட்டில், சட்டத்தைக் கொண்டே வாதாட மாணவர்களுக்குக் கற்றுத்தர வழக்கறிஞர்கள் முன்வந்தனர். அந்த வரலாற்றில் நம்மவர்க்கும் ஓர் இடம் உண்டு.

மாதிரி நீதிமன்றம் என்பது யாது?

'மூட்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'கூட்டம்', 'மன்று' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. ஊர் மக்கள் கூடி வழக்குகளைப் பேசித் தீர்த்த அவையே அது. நம் முன்னோர் மன்றம் என்று அழைத்ததற்கு ஏறத்தாழ இணையான சொல் எனலாம். பின்னர், இலண்டனில் வழக்கறிஞராக விரும்புவோர் தங்கிப் பயின்ற 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' எனப்படும் சட்டக் கழகங்களில், 15-ஆம் நூற்றாண்டளவில் இது ஒரு பயிற்சி முறையாகவே நிலைபெற்றிருந்தது. மூத்த வழக்கறிஞர்கள் நீதிபதிகளாக அமர்வர். கற்பனையான சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு இளையோர் அவர்கள் முன்னிலையில் வாதாடுவர். மூத்தோர் தம் அறிவை இளையோர்க்குக் கைம்மாறு கருதாமல் கொடுக்கும் மரபு அங்கேயே வேரூன்றிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். மாதிரி வழக்கு விசாரணை என்பது ஒன்று. மாதிரி நீதிமன்றம் என்பது மற்றொன்று. முன்னதில் சாட்சிகள் உண்டு. குறுக்கு விசாரணை உண்டு. என்ன நடந்தது என்பதைக் கண்டறிவதே அதன் நோக்கம். பின்னது மேல்முறையீட்டு நீதிமன்றத்தைப் போன்றது. என்ன நடந்தது என்பது முன்பே ஒரு தாளில் எழுதித் தரப்பட்டிருக்கும். அதில் எவருக்கும் ஐயமில்லை. நடந்ததற்குச் சட்டம் என்ன சொல்கிறது, என்ன சொல்ல வேண்டும் என்பதே கேள்வி. இரு தரப்பிலும் மாணவர்கள் எழுந்து வாதாடுவர். ஒருவர் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீதிபதி இடைமறித்துக் கேள்வி கேட்பார். அதற்கு விடை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இன்று ஒரு தரப்பில் வாதாடிய மாணவர், அடுத்த சுற்றில் எதிர்த்தரப்பில் நின்று வாதாட வேண்டி வரும். ஆகவே இரண்டு பக்கத்து நியாயங்களையும் ஒருசேரக் கற்றே ஆக வேண்டும்.

வாசிங்டனில் விழுந்த விதை

தென்னாப்பிரிக்காவிற்கு இவ்விதை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1968-ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் படுகொலை செய்யப்பட்டபோது வாசிங்டன் நகரம் கலவரத்தில் பற்றி எரிந்தது. ஏழைக் கறுப்பின மக்களுக்கும் சட்டத்திற்கும் இடையே இருந்த பகை அதில் வெளிப்பட்டது. அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்து, 1972-இல், அந்நகரத்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்லூரி மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்தத் தொடங்கினர். 'ஸ்ட்ரீட் லா' என்று அத்திட்டத்திற்குப் பெயரிட்டனர். தெருவில் நடக்கும் மனிதனுக்குத் தேவையான சட்டம் என்பது அதன் பொருள். காவலர் தடுத்து நிறுத்தினால் என்ன செய்வது, வீட்டு உரிமையாளர் வெளியேறச் சொன்னால் உரிமை என்ன, வாங்கிய பொருள் பழுதானால் யாரிடம் முறையிடுவது என்பன போன்றவையே பாடங்கள்.

இத்திட்டத்தை வளர்த்தவர்களுள் எட்வர்ட் ஓ'பிரையன் என்பவர் முதன்மையானவர். வகுப்பறையில் சட்டத்தை விரிவுரையாக நடத்தினால் மாணவர் உறங்கிவிடுவர் என்பதை இவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். எனவே பாடத்தின் நடுவே மாணவர்களையே வழக்கறிஞராகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமர்த்தினர். ஆண்டு முடிவில் பள்ளிகளுக்கிடையே போட்டி வைத்தனர். இம்முறை அமெரிக்காவெங்கும் பரவியது. 1984-இல் பல மாநிலப் பள்ளி அணிகள் மோதும் தேசிய அளவிலான மாதிரி விசாரணைப் போட்டியும் தோன்றியது. அங்கே ஓர் அணிக்கு ஆசிரியர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பயிற்சி தருவது வழக்கமாயிற்று. ஆசிரியருக்கு மாணவரைத் தெரியும். வழக்கறிஞருக்குச் சட்டம் தெரியும். இருவரில் ஒருவர் இல்லையேல் பயிற்சி நொண்டிவிடும்.

டர்பன் நகரமும் நம்மவரும்

இனி, தென்னாப்பிரிக்காவிற்கு வருவோம். அங்குள்ள நேட்டால் மாநிலத்திற்கு ஒப்பந்தக் கூலிகளின் முதற்கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வந்து சேர்ந்தது. 'துரூரோ' என்னும் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதன்பின் 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். இரப்பர்த் தோட்டத்து வரலாற்றை நெஞ்சில் சுமந்திருக்கும் மலேசியத் தமிழர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி ஒருவர் டர்பனில் இளம் வழக்கறிஞராயிருந்த காந்தியிடம் வந்தார். முதலாளி அடித்ததில் இரண்டு முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி வழிய, உடை கிழிந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி நின்றார். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்னும் பழக்கத்தை அவர் காந்தியிடமும் கடைப்பிடித்தார். அதனைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தி அவரிடம் சொன்னார். காந்தியிடம் எழுத்தராயிருந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, வழக்கு நடுவரிடம் சென்றது. முடிவில் பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பாலசுந்தரத்தின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தைச் சட்டத்தின் மொழியில் எடுத்துச் சொல்லும் வாய் அவரிடம் இல்லை. அதற்கு ஒரு வழக்கறிஞரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டனர். வழக்கறிஞர் ஏழைக்காக வாதாடுவது பெருந்தொண்டு. அந்த ஏழையின் பேரப்பிள்ளை தானே எழுந்து நின்று வாதாடக் கற்றுத்தருவது அதன் அடுத்த படி. அந்த அடுத்த படிக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

நெருக்கடி நிலையில் ஒரு சட்ட வகுப்பு

அந்த நூறாண்டில் தென்னாப்பிரிக்கா இனஒதுக்கல் கொள்கைக்குள் மூழ்கியது. 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்றது. 1953-ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பின மாணவர்க்குத் தாழ்ந்த கல்வியை விதித்தது. 1976 ஜூன் 16-ஆம் நாள், ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்துச் சொவெட்டோ நகர மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றபோது காவலர் சுட்டனர். கொல்லப்பட்ட மாணவர்களுள் ஹெக்டர் பீட்டர்சன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன். நம் ஆறாம் ஆண்டு மாணவனின் வயது.

இவையனைத்தும் சட்டப்படியே நடந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். சட்டமே அநீதியாக இருந்தது. 1985-இல் நாட்டின் சில பகுதிகளிலும், 1986 ஜூனில் நாடு முழுவதிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றி எவரையும் சிறையிலடைக்கக் காவலர்க்கு அதிகாரம் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பாதோர் ஆயிரக்கணக்கில் அவ்வாறு அடைக்கப்பட்டனர்.

இத்தகைய காலத்தில்தான் டர்பனில் உள்ள நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் டேவிட் மெக்வாய்ட்-மேசன், வாசிங்டனிலிருந்து எட்வர்ட் ஓ'பிரையனை 1985-இல் வரவழைத்தார். அடுத்த ஆண்டே டர்பன் பள்ளிகளில் 'ஸ்ட்ரீட் லா' வெள்ளோட்டமாகத் தொடங்கப்பட்டது. வழக்கறிஞர் சங்கங்களின் கூட்டமைப்பு பொருளுதவி செய்தது. சட்டக்கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் பள்ளிகளுக்குச் சென்றனர். பின்னர்ப் பிற பல்கலைக்கழகங்களும் இதனை ஏற்றுக்கொண்டன. கறுப்பினத்தார், இந்தியர், கலப்பினத்தார், வெள்ளையர் என்று நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் பள்ளிகளில் பயின்ற காலம் அது. ஓர் இனத்து மாணவர் மற்றோர் இனத்து மாணவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதே அரிதாக இருந்த அந்நாட்டில், இதுபோன்ற நிகழ்ச்சிகள் அவர்களை ஓர் அறையில் அமரச் செய்தன.

எழுந்த ஐயம்

இங்கே ஒரு நேரிய ஐயம் எழுகிறது. அநீதியான சட்டத்தை மாணவர்க்குக் கற்றுக்கொடுப்பது சரியா? அடிமை முறையின் விதிகளை அடிமைக்கே விளக்குவது அவனைப் பணியப் பழக்குவதாகாதா? கறுப்பின மக்களுக்குச் சட்டம் என்றால் கடவுச்சீட்டு கேட்கும் காவலர் என்றே பொருள். தம் பிள்ளைக்குச் சட்டம் கற்பிக்க வருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரைப் பெற்றோர் எப்படி நம்புவர்?

இதற்கு இத்திட்டத்தினர் கண்ட விடை எளிமையானது. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு பாடத்தை நிறுத்தாமல், சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் உடன் வைத்தனர். 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம் அதற்கு அளவுகோலாயிற்று. 1991-இல் 'எல்லார்க்கும் மனித உரிமை' என்னும் பாடநூலும், 1994-இல் 'எல்லார்க்கும் மக்களாட்சி' என்னும் பாடநூலும் இக்குழுவினரின் முயற்சியால் வெளிவந்தன. முன்னது வெளிவந்தபோது நாட்டில் அனைத்து மக்களுக்கும் வாக்குரிமை இல்லை. நாளை வரவிருந்த அரசமைப்புக்கு மாணவரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்திய நூல் என்று அதனைச் சொல்லலாம்.

மாதிரி வழக்கின் பயன் இங்கேதான் புலப்படுகிறது. பணியப் பழகியவன் விதியை மனப்பாடம் செய்வான். வாதாடப் பழகியவன் அந்த விதி எதனால் வந்தது, எவரைக் காக்கிறது, எவரைக் கைவிடுகிறது என்று கேட்பான். கல்லெறிவதற்கும் கைகட்டி நிற்பதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதை அவன் உடலால் உணர்வான்.

சிறை இருந்த இடத்தில் நீதிமன்றம்

1994 ஏப்ரல் 27-இல் அனைத்து இனத்தாரும் வாக்களித்தனர். 1996-இல் புதிய அரசமைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1997 பிப்ரவரி 4-இல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காக்க அரசமைப்பு நீதிமன்றம் ஒன்று 1995-இல் நெல்சன் மண்டேலாவால் தொடங்கிவைக்கப்பட்டது. மண்டேலாவும் ஒரு வழக்கறிஞரே. 1952-இல் ஆலிவர் டாம்போவுடன் சேர்ந்து ஜோகானஸ்பர்க்கில் வழக்கறிஞர் அலுவலகம் நடத்தியவர் அவர்.

இந்நீதிமன்றத்தின் நிலையான கட்டடம் 2004-இல் திறக்கப்பட்டது. அதனை எழுப்ப அவர்கள் தேர்ந்த இடம் ஜோகானஸ்பர்க்கின் பழைய கோட்டைச் சிறை. 1908-இல் காந்தியும் அவரோடு தம்பி நாயுடு முதலிய தமிழ்ப் போராளிகளும் அடைக்கப்பட்ட சிறை அது. 1962-இல் மண்டேலா அடைக்கப்பட்டதும் அங்கேதான். விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களைக் கொண்டே நீதிமன்ற அறையின் சுவரை எழுப்பினர். நீதிபதிகள் பதினொருவர் அமரும் இருக்கைகளுக்குப் பின்னே நீண்ட கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. வெளியே நடந்து செல்வோரின் கால்கள் அதன்வழித் தெரியும். நீதிபதிகள் மக்களுக்கு மேலே இல்லை என்பதை அச்சாளரம் உணர்த்துகிறது. நீதிமன்றத்தின் சின்னம், ஒரு மரத்தடியில் கூடியிருக்கும் மக்கள். ஆலமரத்தடிப் பஞ்சாயத்தை அறிந்த நமக்கு அச்சின்னம் அயலாகத் தோன்றாது.

மூக்குத்தி வழக்கு

இந்நீதிமன்றம் 2007 அக்டோபர் 5-இல் வழங்கிய தீர்ப்பு ஒன்றினை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். டர்பனில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயின்ற தமிழ் மரபினளான மாணவி, 2004-இல் பள்ளி விடுமுறையின்போது மூக்குக் குத்திக்கொண்டாள். பருவமடைந்த பெண்ணுக்கு மூக்குத்தி அணிவிப்பது அவள் குடும்பத்து வழக்கம். பள்ளியின் ஒழுங்குவிதியோ அத்தகைய அணிகலனைத் தடைசெய்தது. மூக்குத்தியைக் கழற்றுமாறு பள்ளி கூறியது. தாயார் விளக்கக் கடிதம் எழுதினார். பள்ளி நிருவாகம் இசையவில்லை.

வழக்கு முதலில் சமத்துவ நீதிமன்றத்திற்குச் சென்றது. அங்கே பள்ளியின் பக்கம் தீர்ப்பாயிற்று. உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. இறுதியில் அரசமைப்பு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பியஸ் லங்கா முதன்மைத் தீர்ப்பை எழுதினார். மூக்குத்தி சமயக் கடமையா, பண்பாட்டு வழக்கமா என்னும் வினா எழுந்தது. அது கட்டாயக் கடமை அன்று. விரும்பி ஏற்ற வழக்கமே என்று தாயார் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. கட்டாயமில்லாத வழக்கமும் ஒருவரது அடையாளத்தின் பகுதியாயின் காப்புப் பெறும் என்று நீதிமன்றம் கூறியது. பள்ளி தன் விதியில் நியாயமான விலக்குக்கு இடமளித்திருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதற்குள் அம்மாணவி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள்.

ஆசிரியன் என்னும் முறையில் இவ்வழக்கின் இரு பக்கமும் எனக்குப் புரிகிறது. ஒருவருக்கு விலக்களித்தால் நாளை ஒவ்வொருவரும் கேட்பார்களே என்று அஞ்சிய தலைமையாசிரியரின் கவலை பொய்யானது அன்று. நம் பள்ளிகளிலும் சிகை, கைக்கயிறு, நெற்றிப்பொட்டு ஆகியவை குறித்து இதே கவலை எழுவதை நாம் அறிவோம். பாட்டி கையால் மூக்குத்தி அணிந்த சிறுமியின் உணர்வும் பொய்யானது அன்று. இத்தகைய வழக்கே மாதிரி நீதிமன்றத்திற்கு மிகவும் ஏற்றது. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் இடையிலான வழக்கில் மாணவர் கற்பதற்கு அதிகமில்லை. இரண்டு நியாயங்கள் மோதும்போதே சிந்தனை தொடங்குகிறது.

2011: பள்ளி மாணவர்க்குத் திறந்த கதவு

பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் 1992 முதலே ஆப்பிரிக்க நாடுகளின் சட்டக்கல்லூரி மாணவர்க்கு மனித உரிமை மாதிரி நீதிமன்றப் போட்டியை நடத்தி வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் பேராசிரியர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ். 2021-இல் மறைந்த இப்பெருமகனாரும் அவர்தம் துணைவர்களும், கல்லூரியோடு நில்லாமல் பள்ளி மாணவர்க்கும் இவ்வாய்ப்பு வேண்டும் என்று கருதினர். 2011-இல் தேசியப் பள்ளிகள் மாதிரி நீதிமன்றப் போட்டி தொடங்கியது. கல்வித் துறையும் நீதித் துறையும் மனித உரிமை ஆணையமும் கைகோத்தன.

முறை இதுதான். அரசமைப்பின் உரிமைகள் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு கற்பனை வழக்கு எழுதப்பட்டு நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பப்படும். ஒரு பள்ளியிலிருந்து இருவர் ஓர் அணி. அவர்கள் முதலில் இரு தரப்புக்குமான வாதத்தை எழுதி அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஒன்பது மாநிலங்களிலும் நேரில் வாதாடுவர். அங்கிருந்து தேறியோர் தேசியச் சுற்றுக்கு வருவர். இறுதிச் சுற்று, மேலே சொன்ன அதே அரசமைப்பு நீதிமன்றத்தில், சிறைச் செங்கற்களால் ஆன அதே அறையில் நடைபெறும். அங்கே மெய்யான நீதிபதிகள் அமர்ந்து கேட்பர்.

இச்சுற்றுகள் ஒவ்வொன்றிலும் சட்டமறிந்த தொண்டூழியர் வேண்டும். வழக்கை எழுத ஒருவர் வேண்டும். எழுத்து வாதங்களைத் திருத்திப் படிக்கப் பலர் வேண்டும். வாதாடும் முறையைச் சொல்லித்தர வழிகாட்டிகள் வேண்டும். நீதிபதி இருக்கையில் அமர அனுபவமுள்ளோர் வேண்டும். ஒரு வழக்கறிஞரின் ஒரு மணி நேரத்திற்கு என்ன கட்டணம் என்பது வழக்காடியவர்க்குத் தெரியும். அந்நேரத்தை ஒரு பத்தாம் வகுப்பு மாணவிக்காக ஒதுக்குவது சிறிய கொடையன்று.

வழக்கறிஞர் தருவது என்ன?

இத்தொண்டில் வழக்கறிஞர் விடையைத் தருவதில்லை என்பதே நான் கற்ற முதன்மைப் பாடம். மாணவருக்கு உரையை எழுதிக் கொடுத்துவிட்டால் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். அவர் தருவது கேள்வி. "நீ சொல்வது சரியென்றால், நாளை இன்னொருவர் இதே காரணத்தைச் சொல்லி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார். மாணவர் திகைப்பார். அத்திகைப்பில் எவரும் சிரிக்கமாட்டார்கள். நீதிபதி காத்திருப்பார். ஐந்து வினாடி, பத்து வினாடி கழித்து மாணவரே ஒரு விடையைக் கண்டெடுப்பார். பெரியவர் ஒருவர் தன் விடைக்காகக் காத்திருக்கிறார் என்னும் அந்த உணர்வை எத்தனை பிள்ளைகள் வீட்டிலும் பள்ளியிலும் பெற்றிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, மரியாதை. மாதிரி நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பாரை ஏளனம் செய்ய இயலாது. நீதிபதியை மறுத்துப் பேசலாம். ஆனால் பணிவோடு மறுக்க வேண்டும். மறுத்துப் பேசுவது வேறு, எதிர்த்துப் பேசுவது வேறு என்று நம் பாட்டிமார் சொல்வதை அங்கே கண்கூடாகக் காணலாம். பிள்ளைக்கு வாதாடக் கற்றுக்கொடுத்தால் வீட்டில் வாயாடுவான் என்று அஞ்சும் பெற்றோர்க்கு இதுவே என் விடை. வாயாடுபவன் பிறர் சொல்வதைக் கேட்பதில்லை. வாதாடுபவன் கேட்டே ஆக வேண்டும்; கேட்காவிட்டால் விடை சொல்ல இயலாது.

குறைகளும் உண்டு. ஆங்கிலம் சரளமாக வரும் நகரத்துப் பிள்ளைக்கும், அது மூன்றாம் மொழியாக இருக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கும் ஒரே மேடை சமமாகாது. நல்ல நூலகமும் பழைய மாணவர் சங்கமும் உள்ள பள்ளிக்கு வழக்கறிஞர் எளிதில் கிடைப்பார், மற்றதற்குக் கிடைக்கமாட்டார். எனவே தொண்டு செய்ய வருவோர் வசதியுள்ள பள்ளியின் வாயிலிலேயே நின்றுவிட்டால், ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்க்கே மேலும் பேசக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். பாலசுந்தரங்களின் பேரப்பிள்ளைகள் பயிலும் பள்ளிகளைத் தேடிச் செல்லும்போதே இத்தொண்டு முழுமை பெறும்.

நம் வகுப்பறைக்கு

தொடக்கப்பள்ளியில் இதற்கு இடமுண்டா என்று கேட்பீர்கள். உண்டு என்பது என் பட்டறிவு. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கோவலன் வழக்கை எடுத்துக்கொண்டேன். நடந்தது என்ன என்பது எல்லார்க்கும் தெரியும். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு சொல்லும் கேளாமல் கொலைக்கு அனுப்பினான். பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். கேள்வி ஒன்றே ஒன்று: விசாரிக்காமல் தண்டித்த அரசன், நன்னம்பிக்கையோடு செய்தான் என்பதால் குற்றமற்றவனாவானா?

வகுப்பில் அனைவரும் கண்ணகியின் பக்கமே நின்றனர். பாதிப்பேரைப் பாண்டியனுக்காக வாதாடச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. அரைமணி நேரம் கழித்து, வழக்கமாக வாய் திறவாத ஒரு மாணவி எழுந்து, "அரசர் தவறு செய்தார், ஐயா. ஆனால் தவறு என்று தெரிந்ததும் மறைக்கவில்லையே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்" என்றாள். உடனே எதிரணியிலிருந்து ஒரு மாணவன், "அவர் ஒத்துக்கொண்டதால் கோவலன் திரும்பி வருவாரா?" என்று கேட்டான். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மணி அடித்த பின்னும் சிற்றுண்டிச்சாலை வரை வழக்கு நடந்துகொண்டிருந்தது. சிலப்பதிகாரத்தை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆர்வமுள்ள ஆசிரியர்க்குச் சில எளிய குறிப்புகள்:

1. நடந்த செய்தியை ஒரு பக்கத்திற்குள் எழுதிக் கொடுங்கள். அதில் சச்சரவு வேண்டா.
2. கேள்வி ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டு நியாயங்கள் மோதும் கேள்வியாக இருக்கட்டும்.
3. எழுதிப் படிக்க விடாதீர்கள். குறிப்புத்தாள் போதும்.
4. நடுவில் கேள்வி கேளுங்கள். விடைக்காகக் காத்திருங்கள்.
5. மறுநாள் தரப்பை மாற்றி அமையுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்று வழக்கறிஞரானோர் நம்மிடையே பலர் உள்ளனர். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அவர்களைப் பரிசளிப்பு விழாவிற்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கின்றன, பொன்னாடை போர்த்துகின்றன, நன்கொடை கேட்கின்றன. அடுத்த முறை நன்கொடையோடு ஒரு காலைப்பொழுதையும் கேட்போம். வந்து உரையாற்ற வேண்டா. நம் பிள்ளைகள் பேசுவதை அமர்ந்து கேட்டு, நடுவில் இரண்டு கேள்வி கேட்டால் போதும். தென்னாப்பிரிக்க வழக்கறிஞர்கள் மிகக் கடுமையான காலத்திலும் அதனைச் செய்தனர். நமக்கு அவ்வளவு இடர்ப்பாடு இல்லை.

உங்கள் பள்ளியில் இத்தகைய முயற்சி நடைபெற்றிருந்தால் அருள்கூர்ந்து எழுதுங்கள். எந்த வழக்கை எடுத்தீர்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று அறிய ஆவலாயுள்ளேன்.